புத்தாண்டுக் காலையில் முதல் ஆளாகக் கதவைத் தட்டாதீர்கள்

முப்பத்து நான்கு வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சரி. சிங்கப்பூரில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் இவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வியட்நாம் தோழி இப்போது ஹனோயில் இருக்கிறார். வரும் தெத் பண்டிகைக்கு, அதாவது அவர்களுடைய சந்திரக் கணக்குப் புத்தாண்டுக்கு, தன் சொந்தக் கிராமத்துக்கு வரச்சொல்லி அழைத்திருக்கிறார். ஹனோயிலிருந்து இரண்டு மணி நேரம், செவ்வாற்றுச் சமவெளியில் ஒரு கிராமம். தோழியின் பெற்றோரும் பாட்டியும் இருக்கும் வீடு. நான்கு இரவு அங்கேயே தங்கலாம், ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

வாசகியின் கேள்விகள் இவை. இ-விசா எடுத்தால் போதும்தானே? தோழியின் சித்தப்பா பைக் தருவதாகச் சொல்கிறார், சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டால் ஓட்டலாமா? நான் சைவம், அதைச் சொன்னால் அவமதிப்பாக நினைப்பார்களா, வயிறு சரியில்லை என்று சமாளிக்கலாமா? குழந்தைகளுக்குக் கவரில் எவ்வளவு வைப்பது? முதல் நாள் இரவு ஊருக்கு வெளியே விடுதியில் தங்கிக்கொண்டு, புத்தாண்டு விடியற்காலையில் இனிப்புப் பெட்டியோடு போய்க் கதவைத் தட்டி எல்லாரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைக்கிறேன், நன்றாக இருக்குமா?

இத்தனைக்கும் கீழே, கையெழுத்துக்கு முன்னால், இரண்டு வரி. "போன ஜூனில் அப்பா தவறிவிட்டார். வருஷம் திரும்பவில்லை. அம்மா போய்விட்டு வா என்கிறார், பெரியம்மா கூடாது என்கிறார். இது நம் வீட்டு விஷயம், தோழியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லைதானே?"

வக்கீல் தொழிலில் இது எனக்குப் பழகிய ஒன்று. பத்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், எழுந்து போய் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் "ஒரு சின்ன விஷயம் சார்" என்பார்கள். கேஸே அந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கும். உங்கள் கடிதமும் அப்படித்தான். முதலில் சட்டத்தை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

விசா இருந்தால் எங்கே வேண்டுமானாலும் தங்கலாமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மூன்று வேலை நாளில் வரும் என்பது கணக்கு, அதில் "வேலை நாள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தெத்துக்குத் தொழிலாளர் சட்டப்படியே ஐந்து நாள் விடுமுறை. 2027-இல் புத்தாண்டு பிப்ரவரி 6, சனிக்கிழமை. கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டு விமான நிலையத்தில் நகம் கடிக்காமல், ஜனவரி நடுவிலேயே முடித்துவிடுங்கள்.

ஆனால் விசா என்பது நாட்டுக்குள் நுழைய மட்டும். இரவு எந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறீர்கள் என்பதற்கு அங்கே தனி விதி இருக்கிறது. வெளிநாட்டவரின் நுழைவு, தங்கல் பற்றிய 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் உள்ளூர்க் காவல் துறையிடம் தற்காலிகத் தங்கல் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் வந்து சேர்ந்ததிலிருந்து 12 மணி நேரத்துக்குள், தொலைதூரப் பகுதியென்றால் 24 மணி நேரத்துக்குள். ஹோட்டலில் தங்கும்போது வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அது பெரும்பாலும் இதற்காகத்தான். அவர்களே செய்துவிடுவதால் நமக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரிவதில்லை. நண்பர் வீட்டில் தங்கினால் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில், அதாவது உங்கள் தோழியின் அப்பா தலையில்.

"நாலு நாள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று தோழியே சொல்லக்கூடும். கிராமத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் வந்து இறங்கியது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், கம்யூன், அதாவது உள்ளூர் நிர்வாகப் பிரிவின் காவல் நிலையத்துக்குத் தெரியாமல் இருக்குமா? அறிவிப்புக் கொடுக்காவிட்டால் அபராதம் வீட்டுக்காரருக்கும் உண்டு. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் வருஷப் பிறப்பும் அதுவுமாக நிலையத்தில் போய் நிற்பார். அதனால் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், இ-விசா இரண்டையும் படமெடுத்து முன்கூட்டியே தோழிக்கு அனுப்புங்கள். இறங்கியவுடன் நுழைவு முத்திரைப் பக்கத்தையும் அனுப்புங்கள். "உங்கள் அப்பாவால் பதிவு செய்ய முடியுமா, சிரமமென்றால் பகலில் வந்துவிட்டு இரவு விடுதியில் தங்கிக்கொள்கிறேன்" என்று நீங்களே வாய்ப்புக் கொடுங்கள். அவர்களுக்கு அது சுமை என்றால் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள்.

பைக்கும் கோப்பையும்

பைக் வேண்டாம். காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. இந்தியாவில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. வியட்நாம் சேர்ந்திருப்பது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு காகிதம், ஒன்று இன்னொன்றின் இடத்தில் செல்லாது. வண்டியை வாடகைக்குத் தருகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை, சித்தப்பாவும் கேட்கமாட்டார். கேட்பது காப்பீட்டு நிறுவனம். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்து எலும்பு முறிந்தால், பெரும்பாலான பயணக் காப்பீடுகள் அந்த ஒரு காரணத்தைச் சொல்லிக் கைவிரித்துவிடும்.

சித்தப்பா ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போகலாம். ஹெல்மெட் கட்டாயம். ஆனால் தெத் நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு கோப்பை அரிசி மது நீட்டுவார்கள். நான்காவது வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் பின்னால் ஏறாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் அங்கே வண்டி ஓட்டுபவர் மூச்சில் மது துளிகூட இருக்கக் கூடாது, கொஞ்சமாகக் குடித்தேன் என்ற சமாதானம் எடுபடாது. உங்களுக்கே கோப்பை நீட்டினால், இரண்டு கையாலும் வாங்கி உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்கலாம், அல்லது சிரித்துக்கொண்டே தேநீர்க் கோப்பையை உயர்த்தலாம். பெண்கள் மறுத்தால் யாரும் பெரிதாக வற்புறுத்துவதில்லை.

முதல் காலடி

இனி அந்த விடியற்காலைத் திட்டம். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், நீங்கள் எழுதியிருப்பது எனக்கு அடிவயிற்றைக் கலக்கிவிட்டது.

தெத்தில் "சோங் தத்" என்று ஒன்று இருக்கிறது. புத்தாண்டு பிறந்த நள்ளிரவுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை முதலில் மிதிக்கிற ஆள் யார் என்பது. அந்த ஆளின் ராசி எப்படியோ அப்படித்தான் வீட்டுக்கு அந்த வருஷம் முழுவதும் என்பது நம்பிக்கை. அதனால் அதைத் தற்செயலுக்கு விடுவதில்லை. அங்கே ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கு உண்டு; வீட்டுத் தலைவர் பிறந்த ஆண்டின் விலங்குக்குப் பொருந்துகிற வயதில், நல்ல குணமும் நல்ல நிலைமையும் உள்ள ஒருவரைப் பண்டிகைக்கு முன்பே சொல்லி வைத்து வரவழைப்பவர்கள் உண்டு. அவர் வந்து போகும்வரை அக்கம்பக்கத்தார்கூட எட்டிப் பார்க்காமல் இருப்பார்கள். "கிராமத்துப் பழக்கம்" என்று ஒதுக்காதீர்கள், ஹனோயில் அடுக்குமாடியில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

அந்த நேரத்தில் அழையாமல் போய் நீங்கள் கதவைத் தட்டுகிறீர்கள். உள்ளே பாட்டி இருக்கிறார். கதவைத் திறப்பதா, திறக்காமல் விடுவதா? மரியாதைக்குத் திறப்பார்கள், சிரிப்பார்கள், இனிப்பையும் வாங்கிக்கொள்வார்கள். அந்த வருஷம் தோழியின் தம்பிக்கு வேலை போனாலோ பாட்டி வழுக்கி விழுந்தாலோ யார் நினைவுக்கு வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் அப்பா வழி, இரண்டாம் நாள் அம்மா வழி, மூன்றாம் நாள் ஆசிரியர் என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. முதல் காலை முழுக்க முழுக்க நெருங்கிய உறவுக்கானது. வெளியாள் போகக்கூடாது என்றில்லை, கூப்பிட்ட நேரத்துக்குப் போகவேண்டும். "நீ இந்த மணிக்கு வா" என்று சொன்னால் அந்த மணிக்கு. முன்னால் போவது சுறுசுறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா?

செருப்பு மாட்டும்போது சொன்ன விஷயம் இது.

நீங்கள் நினைப்பது புரிகிறது. பண்டிகைக்குக் கூப்பிட்டவளிடம் சாவைப் பற்றிப் பேசி அவள் உற்சாகத்தைக் கெடுப்பானேன், நம் தீட்டு நம்மோடு, அவர்களுக்கு அதில் என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அதில் ஒரு தப்பான அனுமானம் இருக்கிறது, அவர்களுக்கு இப்படி ஒரு வழக்கமே இருக்காது என்று நினைத்துவிட்டீர்கள். இருக்கிறது. உங்கள் பெரியம்மா சொல்வதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் பெரிய துக்கம் நடந்திருந்தால் அந்த வீட்டார் தெத்தின் முதல் நாட்களில் பிறர் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போவதில்லை, தங்கள் துக்கத்தை இன்னொருவர் வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவர்களாகவே ஒதுங்கி இருப்பார்கள். பெற்றோருக்கான துக்கத்தைப் பழைய மரபில் மூன்று வருஷம் என்று எண்ணுவார்கள். இன்று எல்லாரும் அவ்வளவு கறாராக இல்லை, பாட்டி இருக்கும் வீட்டில் ஓரளவு கறாராக இருக்கலாம்.

நீங்கள் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் அங்கே போய் உட்கார்ந்ததும் முதலில் உங்கள் வயதைக் கேட்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயது தெரிந்தால்தான் உங்களை அக்கா என்று கூப்பிடுவதா தங்கை என்று கூப்பிடுவதா என்று அவர்களுக்குத் தெரியும். நம்மைப் போலவே அவர்களுக்கும் பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல். அடுத்த கேள்வி, "அப்பா அம்மா சௌக்கியமா?" எதிரில் முன்னோர் பீடம், ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும், அவர்களுடைய தாத்தாவின் படம் மேலே இருக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு "சௌக்கியம்" என்று உங்களால் சொல்ல முடியுமா? எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். தொண்டை அடைத்துக்கொள்ளும், அப்போது உண்மை வெளியே வந்தால், அவர்கள் உங்களையும் தேற்ற வேண்டும், தங்கள் கலக்கத்தையும் மறைக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். பளிச்சென்று உடுத்த மனசில்லை, வெள்ளைச் சுடிதார்தான் எடுத்துப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வெள்ளை அங்கே துக்க நிறம். சாவு வீட்டில் தலையில் கட்டுவது வெள்ளைத் துணி. தெத்தில் வெள்ளையும் கறுப்பும் தவிர்ப்பார்கள். நீங்கள் வாயால் மறைத்ததை உடை சொல்லிவிடும். சிவப்பு உடுத்த முடியாது என்றால் பரவாயில்லை, மங்கலான மஞ்சளோ நீலமோ ஒன்றை எடுத்துப் போங்கள்.

சரி, வழிகள் என்ன? போகாமலே இருப்பது ஒன்று. பெரியம்மா சந்தோஷப்படுவார், ஆனால் அம்மாவே போ என்கிறபோது, அதுவும் எட்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கும் உங்களைப் பார்த்துச் சொல்கிறபோது, அதை நான் தட்டச் சொல்லமாட்டேன். சொல்லாமல் போவது இரண்டாவது, அது வேண்டாம் என்பதற்குக் காரணம் மேலே இருக்கிறது. மூன்றாவது, சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுவது. ஆனால் தோழியிடம் மட்டும் கேட்டால் போதாது. ஹனோயில் வேலை பார்க்கும் பெண், உங்கள் மேல் பிரியம் உள்ளவள், "அதெல்லாம் பழைய கதை, நீ வா" என்றுதான் சொல்வாள். அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டுச் சொல் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வாசல் பாட்டியுடையது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எடுப்பது நான்காவது வழி, இது உங்கள் கடிதத்தில் இல்லை. புத்தாண்டுக்கு முன்னால் போவது. தெத் என்பது பிப்ரவரி 6 மட்டும் என்று நினைக்காதீர்கள். அடுப்படி தெய்வங்களை வழியனுப்பும் நாள் பன்னிரண்டாம் சந்திர மாதம் 23, 2027-இல் அது ஜனவரி 30. அன்றிலிருந்தே வீடு பரபரப்பாகிவிடும். கடைசி மூன்று நான்கு நாட்களில் ஒருநாள் குடும்பமே உட்கார்ந்து "பான் சுங்" கட்டும். ஊறவைத்த ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி, எல்லாவற்றையும் பச்சை இலையில் சதுரமாக மடித்து மூங்கில் நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். முதலில் கட்டுகிற நான்கைந்து எல்லாருக்கும் கோணலாகத்தான் வரும், குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் பெரிய அண்டாவில் அடுக்கித் தண்ணீர் ஊற்றி விறகடுப்பில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேக வைக்க வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் யாராவது விழித்திருப்பார்கள், அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் ராத்திரி முழுக்கக் கதை. ஒரு குடும்பத்தை உள்ளிருந்து பார்க்க வேண்டுமென்றால் அந்த இரவைவிட நல்ல இரவு கிடையாது. முதல் காலையில் எல்லாரும் புது உடையில் விறைப்பாக உட்கார்ந்து வாழ்த்துச் சொல்வார்கள், நீங்கள் தேநீரோடு ஓரத்தில் இருப்பீர்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 1 அல்லது 2-இல் கிராமத்துக்குப் போய் மூன்று நான்கு இரவு இருந்துவிட்டு, 5-ஆம் தேதி ஹனோய்க்குத் திரும்பிவிடலாம். ஊரெல்லாம் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போகிற நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் வருவீர்கள், பேருந்தில் இடம் கிடைப்பதும் சுலபம், ஆனால் கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் வண்டிகள் குறைந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். நள்ளிரவுக்கு ஹோவான் கியெம் ஏரிக்கரையில் ஊரே கூடும். வீட்டுக்கு வீடு வெடிச் சத்தம் எதிர்பார்க்காதீர்கள், பட்டாசு வெடிக்க 1995 முதல் தடை. மறுநாள் பல உணவகங்கள் மூடியிருக்கும், அறையில் பிஸ்கட்டும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து அவர்கள் கூப்பிட்டால் ஒரு பகல் மறுபடி போய் வரலாம். பதிவு செய்கிற வேலையும் இதில் சுலபம், அலுவலகம் விடுமுறைக்கு மூடுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

சாப்பாடும் கவரும்

வயிறு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள், கஷாயம் போட்டுக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். "அன் சை" என்றால் சைவம் சாப்பிடுவது, அங்கே இது அந்நியமான சொல் இல்லை. பௌத்தப் பழக்கம் உள்ளவர்களில் நிறையப் பேர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்; தெத் முதல் நாளே அப்படி ஒரு நாள்தான். போன பிறகு தட்டைத் தள்ளுவதுதான் மனம் நோகும், முன்பே சொன்னால் உங்களுக்கென்று இறைச்சி இல்லாமல் பருப்பு மட்டும் வைத்து நான்கு பான் சுங் கட்டுவது அவர்களுக்கு வேலையே இல்லை. மீன் சாறு விஷயத்தைத் தனியாகச் சொல்லுங்கள், அது அவர்களுக்கு நமக்கு உப்பு மாதிரி, மீன் என்றே தோன்றாது.

"லீ சீ" கவர், சிவப்பு உறை. சலவை நோட்டாக இருக்கட்டும். குழந்தைக்கு 20,000 அல்லது 50,000 டாங் போதும். சைபர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், 50,000 டாங் என்பது சுமார் இரண்டு டாலர். எல்லாக் குழந்தைக்கும் ஒரே தொகை. பெரிய தொகையாக வைத்தால் பெற்றவர்கள் சங்கடப்படுவார்கள், வேறு வழியில் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார்கள். முன்கூட்டிப் போவதாக இருந்தால் கவரைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், முதல் நாள் அவள் உங்கள் பெயரில் கொடுப்பாள். முதல் நாள் அங்கே இருக்க நேர்ந்தால் ஒன்று மட்டும், உதவி செய்கிறேன் என்று துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள். அன்று பெருக்கினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து வெளியே போய்விடும் என்பார்கள்.

தோழிக்கு என்ன எழுதுவது என்று தடுமாறினால் இதை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. ஜூனில் அப்பா போய்விட்டார். இன்னும் வருஷம் ஆகவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தெத்துக்கு வருவது உங்கள் வீட்டில் சரியாக இருக்குமா என்று உன் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டுச் சொல். அவர்கள் வேண்டாம் என்றால் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, எங்கள் வீட்டிலும் இப்படித்தான். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் வந்து பான் சுங் கட்டிவிட்டு, புத்தாண்டுக்கு முன்பே ஹனோய்க்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன்."

அவர்களும் இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் சந்திரக் கணக்கில் நாள் பார்த்துச் செய்கிறவர்கள்தான், நம் திதி மாதிரி. நீளமாக விளக்க வேண்டியிருக்காது. பாட்டியின் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதுவரை டிக்கெட் போடாதீர்கள்.